நாத்தனார் இழுத்த முனை

அந்தச் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணி. உண்மையில் ஒரே ஒருத்திக்குத்தான் அவள் அண்ணி முறை, அதாவது வீட்டுக்காரரின் தங்கைக்கு. இருவருக்கும் ஒரே மேசையில் வேலை. அந்தத் தங்கைக்காரி காலையிலிருந்து சாயங்காலம் வரை "அண்ணி, அண்ணி" என்று கூடம் அதிரக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததில் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. துணி வண்டி ஓட்டுகிற பெரியவருக்கு அவளுடைய அப்பா வயது இருக்கும். அவரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார். சம்பள நாளன்று சூப்பர்வைசர் சொந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால், யாரையோ கூப்பிடுகிறார் என்று அவள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள்.

ஓட்டல்களிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் பெட்ஷீட்டுகளைத் துவைத்து அனுப்புகிற இடம் அது. துவைத்த ஷீட் சூடான உருளைக்குள் ஒரு பக்கம் நுழைந்து, இஸ்திரி போட்டதாக மறுபக்கம் வெளியே வரும். அந்தச் சூடு ஆறுவதற்குள் மடித்துவிட வேண்டும். இரட்டைக் கட்டில் ஷீட் என்றால் ஒரு ஆளால் ஆகாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஒரு உதறு உதறி, விறைப்பாக இழுத்து, நீளவாக்கில் மடித்து, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனையோடு முனை சேர்ப்பார்கள். எந்த ஓட்டல் ஷீட் என்று தெரிய ஒரு முனையில் கலர் நூலில் சின்னத் தையல் இருக்கும். மடித்து முடித்ததும் அந்தத் தையல் மேலே வந்து உட்கார வேண்டும். அண்ணியும் நாத்தனாரும் மடித்தால் அது உட்கார்ந்தே தீரும். அவர்கள் அடுக்கிய கட்டைச் சூப்பர்வைசர் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டிவிட்டு, வாயைத் திறக்காமல் நகர்ந்துவிடுவார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு எதிர்பார்ப்பது பேராசை.

இருவருக்கும் ஒரே ஒரு தீராத வழக்கு உண்டு. நாத்தனார் இழுப்பாள். விறைப்பாக்குவதற்காக எல்லோரும்தான் இழுக்கிறார்கள். இவள் வலது கையால் ஒரு வெட்டு வெட்டி இழுப்பாள். எதிரே நிற்கிற அண்ணிக்கு அது இடது கை. தோள்பட்டை வரைக்கும் சுண்டும்.

"மெதுவா இழுடி. என் கை என்ன, தண்ணி இறைக்கிற கயிறா?" என்பாள் அண்ணி.

"நீங்க கெட்டியா பிடிச்சா நான் ஏன் இழுக்கறேன்?" என்பாள் நாத்தனார்.

இந்தச் சண்டை அண்ணிக்குக் கல்யாணமாகி நாத்தனாரும் அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நடக்கிறது. ஒரு நாள் சண்டை இல்லையென்றால் இரண்டு பேருக்கும் மத்தியானச் சாப்பாடு இறங்காது.

ஒரு நாள் காலையில் அண்ணியின் இடது கையிலிருந்து முனை நழுவித் தரையில் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை. விழுந்ததையே கவனிக்காதவள்போல, வலது கையில் இருந்த முனையை மட்டும் மடித்துக்கொண்டு நின்றாள். நாத்தனார்தான் சுற்றி வந்து எடுத்துக் கொடுத்தாள். அடுத்த ஷீட்டும் விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. நாத்தனாருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். முந்தின நாள் இழுத்ததற்கு அண்ணி இப்படிப் பழி வாங்குகிறாள் என்று முடிவே கட்டிவிட்டாள்.

"இழுக்கக் கூடாதுன்னா வாயால சொல்லுங்க. துவைச்சதைத் தரையில போட்டுப் புரட்டாதீங்க" என்று சொல்லி, இருக்கிற கோபத்தையெல்லாம் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

அண்ணி தள்ளாடினாள். பிறகு சிரித்தாள். வாயின் ஒரு பாதிதான் சிரித்தது. மறுபாதி தொங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நாத்தனாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மற்றவர்கள்தான் தூக்கினார்கள். துணி வண்டியில் அழுக்கு மூட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்து, பெரியவர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். மூளையில், வலது பக்கத்தில், ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது, சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தார் என்றார் டாக்டர். இழுத்ததால் இது வரவில்லை, வந்ததால்தான் முனை விழுந்தது என்று அவர் நாத்தனாருக்கு விளக்கமாகவே சொன்னார். அவள் தலையைத் தலையை ஆட்டினாள். ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை. இனிமேல் அண்ணியின் கையை இழுத்தால் தான் மனுஷியே இல்லை என்று உள்ளுக்குள் சத்தியம் செய்துகொண்டாள்.

அண்ணிக்குப் பேச்சு திரும்பியது, வாய் நேரானது, இடது கையிலும் காலிலும் பலம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஆனால் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பற்றி அவளுக்குப் பெரிய புகார் இருந்தது. அரைத் தட்டுச் சாப்பாடுதான் தருகிறார்கள், ஒரு வயசுக் குழந்தைக்குக்கூடக் காணாது என்று வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினாள். அவர் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர். அதிகம் பேசமாட்டார். தட்டை எட்டிப் பார்த்தார். வலது பாதி வழித்துத் துடைத்ததுபோல் இருந்தது, இடது பாதியில் வைத்தது வைத்தபடி இருந்தது. தட்டை அப்படியே ஒரு சுற்று சுற்றி வைத்தார்.

"இப்பத்தான் கொண்டு வந்தாங்களா? முதல்லயே வெச்சிருக்கலாமே" என்று அண்ணி மீதியையும் சாப்பிட்டாள்.

தலையைச் சீவினால் வலது பக்கம் மட்டும் படிந்திருக்கும். குளிருக்குக் கோட்டு மாட்டினால் அதன் இடது கை முதுகுக்குப் பின்னால் காலியாகத் தொங்கும். கண்ணில் குறையில்லை, கையிலும் பலம் இருக்கிறது, ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே இவருக்குத் தோன்றுவதில்லை என்றார் டாக்டர். வீட்டில் ஒரு அறை இருப்பதையே மறந்துபோனவர் அதன் கதவைத் தேடமாட்டார் அல்லவா, அந்த மாதிரி என்று சொன்னார். அண்ணியும் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, யாரோ பாவம் என்பதுபோல உச்சுக் கொட்டினாள்.

சாப்பாட்டைவிட அவளை வாட்டியது வேறு. கூடத்தில் வேலை பார்க்கிற எல்லோரும் வந்து பார்த்தார்கள், சூப்பர்வைசர்கூட வந்தார், நாத்தனார் வரவில்லை. ஒரு நாள் வீட்டுக்காரரிடம் சொல்லியேவிட்டாள்.

"உங்க தங்கச்சி ஒரு எட்டு வந்து பார்த்தாளா? இவ்வளவு வருஷம் எதிர்ல நின்னவ. எனக்கு மனசே ஆறலை."

வீட்டுக்காரர் கட்டிலுக்கு மறுபக்கம் பார்த்தார். நாத்தனார் கட்டிலுக்கு இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணியைச் சேர்த்த நாளிலிருந்து அங்கேதான் உட்கார்ந்து, வேலைக்குப் போகிற நேரம் போக, சத்தம் வராமல் அழுதுகொண்டிருக்கிறாள். அதைக் கேட்டதும் எழுந்து வலது பக்கம் வந்து நின்றாள். "வந்துட்டியா?" என்று அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போதுதான் வருகிறேன் என்று நாத்தனார் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் தன் கருவிப்பெட்டியிலிருந்து வயர் சுற்றுகிற சிவப்பு டேப்பை எடுத்தார். வாசல் நிலையின் இடது பக்கம், கண்ணாடியின் இடது ஓரம், தட்டின் இடது விளிம்பு, அண்ணியின் இடது மணிக்கட்டு என்று கண்ட இடத்திலெல்லாம் ஒட்டினார். எதைச் செய்தாலும் முதலில் சிவப்பு எங்கே என்று தேடு என்பது உத்தரவு. வீடே ரிப்பேருக்கு வந்த மோட்டார் மாதிரி இருக்கிறது என்று அண்ணி சலித்துக்கொண்டாள். இருந்தாலும் நிலையில் தோளை இடித்துக்கொள்வது குறைந்தது.

பயிற்சி கொடுக்க வாரம்தோறும் ஒரு பெண் வருவாள். பொறுமைசாலி. ஒரு தாளில் நிறைய நட்சத்திரம் போட்டு, எல்லாவற்றையும் கோடு போட்டு அடிக்கச் சொல்வாள். அண்ணி வலது பாதியை ஒன்று விடாமல் அடித்துவிட்டு, முடிந்தது என்று பேனாவை மூடுவாள். தாளைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினால், நான் அடித்த பிறகு யார் வரைந்தது என்று கேட்பாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். எந்த வேலைக்கும் முதலில் இடது கையை அசைக்க வேண்டும். கை அசைந்தால் அந்தப் பக்கம் இருப்பது மூளைக்கு நினைவு வரும். சொல்லும்போது அண்ணி அசைப்பாள். சொல்லி முடித்ததும் கை மடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

கொஞ்சம் தேறியதும் வேலைக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். வீட்டில் சும்மா உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. நாத்தனாரும் சூப்பர்வைசரிடம் போய் நின்றாள். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் ஓட்டல்காரர்கள் புகார் சொன்னால் அவர் தலைதான் உருளும். இந்த மாதக் கடைசி வரைக்கும் மடிக்கட்டும், சரிவராவிட்டால் தலையணை உறைப் பக்கம் உட்காரட்டும் என்றார். தலையணை உறைகளை ஒரு ஆளே உட்கார்ந்து மடிக்கலாம். கூடத்தின் கடைசியில், சுவரைப் பார்த்த பெஞ்சு. எதிரே யாரும் இருக்கமாட்டார்கள். மேசையை விட்டால் நாத்தனாரின் முகமும் போய்விடும் என்று அண்ணிக்குத் தெரியும்.

மேசையின் இடது ஓரத்திலும் சிவப்பு டேப் ஒட்டினார்கள். மடிப்பு ஆரம்பமானது. நாத்தனார் ஷீட்டை இழுக்கவே இல்லை. தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிறவள்போலப் பூப்போலப் பிடித்து, பூப்போல நீட்டினாள். அண்ணிக்கு ஒரே ஆச்சரியம்.

"உங்க தங்கச்சிக்கு இப்பத்தான் மடிக்கவே தெரிஞ்சிருக்கு. அதுக்கு நான் ஒரு தடவை படுத்து எழுந்திரிக்க வேண்டியிருந்தது" என்று வீட்டில் பெருமையடித்தாள்.

அவள் கணக்கில் எல்லாம் பழையபடி நேராக மடிந்துகொண்டிருந்தது. கட்டுகள் உயர்ந்தன. சூப்பர்வைசர் வந்து தட்டிவிட்டுப் போனார். மாதம் முடியட்டும், அந்தப் பெஞ்சுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் பாட்டிலை மேசையிலேயே வைத்துவிட்டது நினைவுக்கு வந்து, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். கூடத்தில் உருளை நின்று அமைதியாக இருந்தது. வலது பக்கம், அடுக்குப் பலகைகளுக்குப் பின்னால், நாத்தனாரும் புதிதாகச் சேர்ந்த இன்னொருத்தியும் அவசர அவசரமாக மடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி நின்று பார்த்தாள். அவர்கள் மடித்தது காலையில் அவள் மடித்த கட்டை. ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். பிரிக்கிற ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் கோணலாகச் சரிந்து, ஓரம் சுருண்டு, தையல் எங்கேயோ உள்ளே புதைந்திருந்தது. அவர்கள் திரும்பவும் உதறி, நேராக்கி, தட்டி அடுக்கினார்கள்.

அண்ணி பாட்டிலை எடுக்காமலே திரும்பிவிட்டாள். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள். அவமானம் ஒரு பக்கம், தன்னையே நம்ப முடியவில்லையே என்ற பயம் ஒரு பக்கம். இத்தனை நாளும் டாக்டர் சொன்ன அந்தப் பாவப்பட்ட யாரோ தான்தான் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மணி அடித்து உருளை ஓட ஆரம்பித்ததும் தன் இடத்தில் போய் நின்றாள். முதல் ஷீட் வந்தது. இருவரும் முனைகளைப் பிடித்தார்கள்.

"எத்தனை நாளாடி திருப்பி மடிக்கறே?" என்று அண்ணி கேட்டாள்.

நாத்தனார் முகம் வெளுத்தது. "நீங்க வந்த நாள்லேருந்து."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான், அண்ணி."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க போயிடுவீங்க."

"இப்பவும் போகத்தான் போறேன். இந்த ஷீட்டை முடிச்சுட்டு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடறேன். எனக்குத் தலையணை உறை போதும். நீ என்னாலே ரெண்டு வேலை செய்ய வேணாம்."

அண்ணி அதைக் கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாகப் பொங்கி வந்தது.

"போங்க, தாராளமா போங்க. ஆஸ்பத்திரியில உங்க பக்கத்துலயே பழியா கிடந்தேன். நான் வந்து பார்க்கலைன்னு எனக்கு எதிர்லயே அண்ணன்கிட்ட சொன்னீங்க. அப்பவும் வாயைத் திறந்தேனா? சாப்பாட்டு நேரத்துல சாப்பிடாம உங்க கோணலையெல்லாம் நிமிர்த்தறேன். எதுக்கு? நீங்க எதிர்ல நிக்கணும்னுதானே? சுவத்தைப் பார்த்து உட்கார்றதுன்னா போய் உட்காருங்க."

சொல்லி முடித்த வேகத்தில் சத்தியம் பறந்துவிட்டது. வலது கையால், பழைய மாதிரியே, ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள்.

அண்ணியின் தோள் சுண்டியது. தலை தானாக இடது பக்கம் திரும்பியது. இடது கை விரல்கள் முனையை இறுக்கிப் பிடித்திருந்தன. அந்த முனையில் நீல நூல் தையல் இருந்தது. அதற்கப்பால் மேசையின் சிவப்பு டேப், அதற்கும் அப்பால் அகலமான ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே துணி வண்டியின் மேல் படுத்துத் தூங்குகிற பெரியவர்.

"எருமை. கையே கழண்டு போற மாதிரியா இழுப்பே?" என்றாள் அண்ணி.

நாத்தனார் சட்டென்று ஷீட்டைக் கீழே வைக்கப் பார்த்தாள். பிறகு அண்ணியின் முகம் திரும்பியிருக்கிற பக்கத்தைப் பார்த்தாள். யாரும் சிவப்பைத் தேடச் சொல்லவில்லை. யாரும் இடது கை, இடது கை என்று ஞாபகப்படுத்தவில்லை.

"அண்ணி, கையைப் பாருங்க" என்றாள் மெல்ல.

அண்ணி பார்த்தாள். கை அவள் கைதான். கெட்டியாகப் பிடித்திருந்தது. இருவரும் மடித்தார்கள், நடந்து வந்து முனை சேர்த்தார்கள். நீலத் தையல் மேலே வந்து உட்கார்ந்தது. அடுத்த ஷீட்டுக்கு நாத்தனார் மறுபடி பூப்போலப் பிடித்தாள். அண்ணியின் இடது கை உடனே தளர்ந்தது, முகம் வலது பக்கம் போனது.

"எதுக்குடி கொஞ்சறே? இழு" என்றாள் அண்ணி. "நீ இழுத்தாத்தான் எனக்கு அந்தப் பக்கம் வருது."

அன்று சாயங்காலம் வரை நாத்தனார் இழுத்தாள். ஒவ்வொரு ஷீட்டுக்கும் ஒரு இழுப்பு, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு திட்டு. கூடமே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் சொன்னபோது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தான் வாயால் சொன்னதை நாத்தனார் கையால் சொல்கிறாள், அவ்வளவுதான், இதையே விடாமல் செய்யுங்கள் என்றாள். தோளுக்கு வலிக்காமல் எப்படி இழுப்பது என்றும் காட்டிக் கொடுத்தாள். மாதக் கடைசியில் சூப்பர்வைசர் ஒரு கட்டைத் தட்டினார். நடுவிலிருந்து ஒரு ஷீட்டை உருவிப் பார்த்தார். திரும்ப வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் நகர்ந்துவிட்டார். தலையணை உறைப் பெஞ்சுக்கு வேறு ஆள் வந்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. களைப்பாக இருக்கிற நாளில் தட்டில் பாதி மிஞ்சும், வீட்டுக்காரர் பேசாமல் ஒரு சுற்று சுற்றி வைப்பார். கோட்டின் இடது கை இன்னும் சில நாள் தொங்கும். தெருவில் நடக்கும்போது இடது பக்கம் வருகிற சைக்கிள் தெரியாது. அதனால் வேலை முடிந்து போகும்போது நாத்தனார் எப்போதும் அவளுக்கு இடது பக்கமாக நடப்பாள். எதுவும் குறுக்கே வந்தால் கோட்டின் கையைப் பிடித்து ஒரு இழுப்பு. அண்ணி திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு திட்டு திட்டுவாள். இரண்டு பேரும் மேலே நடப்பார்கள்.

ஒரு சாயங்காலம் அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது நாத்தனாரின் செருப்பு வார் அறுந்துவிட்டது. அவள் சொல்லாமல் நின்று குனிந்தாள். அண்ணி பேசிக்கொண்டே போனாள். கொஞ்ச தூரம் போனதும் பேச்சு நின்றது. கோட்டை யாரும் இழுக்கவில்லை. அண்ணி தானாகவே இடது பக்கம் திரும்பினாள். அங்கே யாரும் இல்லை.

"எங்கடி போனே?"

நாத்தனார் அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து சொல்லாமல் விழுங்கியதை இப்போது சொன்னாள்.

"இங்கதான் இருக்கேன், அண்ணி."

"சொல்லிட்டு நிக்கக் கூடாதா? பக்கத்துல வர்றவளைக் காணோம்னா எனக்குப் பகீர்னு இருக்காதா?"

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுங்காலுமாக ஓடிவந்து, இடது பக்கத்தில் சேர்ந்துகொண்டாள்.